இன்னாசி விழுந்துகொண்டிருந்த ஏழு மாதம்

நீர்க்கோம்பைக் காப்பித் தோட்டத்தில் இன்னாசி மரத்திலிருந்து விழத் தொடங்கியது வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு. அன்று மத்தியானம் எல்லோரும் சோற்றுக்கு உட்கார்ந்தபோதும் அவன் விழுந்துகொண்டிருந்தான், சாயங்காலம் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தபோதும் விழுந்துகொண்டிருந்தான், மறுநாள் விடிந்து மேஸ்திரி சுருளியாண்டி பேர் கூப்பிட்டபோது "இன்னாசி" என்ற பேருக்குக் காப்பிச் செடிகளுக்கு மேலே நாற்பதடி உயரத்தில், அந்தரத்திலிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்தது.

விழுந்த விதத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. மழை பிடிப்பதற்கு முன்னால் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து, கீழே இருக்கும் காப்பிச் செடிகளுக்கு வெளிச்சம் விடவேண்டும். பதினெட்டு வருஷமாக இன்னாசி அந்த வேலையைத்தான் செய்துவந்தான், பதினெட்டு வருஷமும் வத்தலக்குண்டுச் சந்தையில் மாடு கட்டுவதற்கு விற்கிற நைலான் கயிற்றைத்தான் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவன் ஓங்கி வெட்டிய வெட்டு கிளையைக் கடந்து கயிற்றையும் வெட்டிவிட்டது. அரிவாள் அதற்குரிய வேகத்தில் கீழே வந்து ஒரு செடியின் மூட்டில் குத்திட்டு நின்றது. அரிவாளுக்குப் பின்னால் வரவேண்டிய கிளையும் இன்னாசியும் வரவில்லை.

அவன் மனைவி அருளாயி இரண்டு வரிசை தள்ளிச் செடிகளுக்கு எரு வைத்துக்கொண்டிருந்தாள். அரிவாள் விழுந்த சத்தம் கேட்டு, எருக்கூடையைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள். மேலே அவள் புருஷன் மல்லாந்து, கைகால்களை விரித்து, வானத்தைப் பார்த்துக் கிடந்தான். அவனுக்குப் பத்தடி கீழே, வெட்டுப்பட்ட கிளை இலைகளோடு கிடந்தது. இரண்டுக்கும் கீழே ஒன்றுமே இல்லை.

"ஏங்க!" என்று கத்தினாள்.

"கீழ நிக்காத புள்ள. விழுந்துக்கிட்டிருக்கேன்," என்றான் இன்னாசி.

அவள் நாலடி தள்ளி நின்று காத்திருந்தாள். தேநீருக்கு மணி அடித்தது. எல்லோரும் வந்து அவளோடு நின்று காத்திருந்தார்கள். அவன் வரவில்லை.

முதல் நாள் அவர்கள் செய்ததெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். மரமேறிகளில் மூத்தவனான செபஸ்தி பக்கத்து மரத்தில் ஏறி ஒரு கயிற்றை வீச, இன்னாசி அதைப் பிடித்துக்கொண்டான். ஆறு பேர் இழுத்தார்கள், சுவரில் அறைந்த ஆணியை இழுப்பது போலிருந்தது. இழுத்தவர்கள் கையில் தோல் உரிந்ததே தவிர அவன் அசையவில்லை. அசையவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மறுநாள் காலையில் சுருளியாண்டி நீண்ட மூங்கில் ஒன்றை நிறுத்தி அடையாளம் வைத்துப் பார்த்ததில், ராத்திரி பகலாக அவன் மூன்று விரல் அளவு இறங்கியிருந்தான். அடுத்த நாளும் மூன்று விரல். அதற்கடுத்த நாளும் அதே. பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையில் கணக்குப் போட்டு, மார்கழி நாலாம் தேதி மத்தியானவாக்கில் தரையைத் தொடுவான் என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்காகப் பலகையைத் துடைத்தாள்.

ஏன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அதிக நாள் கேட்கவில்லை. அது எரு வைக்கிற பருவம், அதற்குப் பின்னால் மழை, மழைக்குப் பின்னால் களை. ஒரு மனுஷன் ஏன் இவ்வளவு மெதுவாக விழுகிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு யார் சாப்பாடு கொடுப்பது? மூங்கில் நுனியில் தூக்குவாளியைக் கட்டி மூன்று வேளையும் அருளாயி மேலே நீட்டினாள். ஒரு பிளாஸ்டிக் வாளியும் கயிறும் மற்றக் காரியங்களுக்குப் போயின. மழை தொடங்கியதும் ஆண்கள் நான்கு மரங்களில் இழுத்துக் கட்டி அவன் தலைக்குமேல் தார்ப்பாய் போட்டார்கள், அவன் இறங்க இறங்கப் பத்து நாளைக்கு ஒருதரம் பாயையும் இறக்கினார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை வைக்கிற இயந்திரத்தைப் பாலித்தீன் பையில் சுற்றித் தொரட்டிக் கம்பில் கட்டி நீட்ட, இன்னாசி கட்டைவிரலை வைத்தான், நான்காவது முறை ரேகை பதிந்தது. கோயில் சாமியார் முதல் ஞாயிற்றுக்கிழமை தயங்கினார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஏணி கேட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து பூசை முடிந்ததும் பாவாடை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நற்கருணைப் பாத்திரத்தோடு ஏணியில் ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. கொடைக்கானலுக்குப் போகிற வேன்கள் திரும்பி வந்து நின்றன, படம் பிடித்தன, மழையில் சக்கரம் புதைந்து தள்ளச்சொல்லிக் கெஞ்சின, பிறகு அவைகளும் குறைந்துபோயின.

இன்னாசி உபயோகமாகவும் இருந்தான். உயரத்தில் கிடப்பதால் கழுத்தைத் திருப்பினால் பள்ளத்தாக்கு முழுவதும் அவனுக்குத் தெரியும். காட்டுமாடு எந்தப் பக்கம் மேய்கிறது, வத்தலக்குண்டு பஸ் எந்த வளைவில் வருகிறது, மழை எந்த மலையில் விழுகிறது என்று குரல் கொடுப்பான், கீழே பெண்கள் அதற்கேற்றபடி ஓடுவார்கள் அல்லது ஓடாமல் இருப்பார்கள். மனக்கஷ்டம் உள்ளவர்கள் வந்து மரத்தடியில் நின்று பேசினார்கள். முகம் பார்க்காமல் பேச முடிந்ததால் அவர்களுக்கு எளிதாக இருந்தது, வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டதால் அவனுக்கும் எளிதாக இருந்தது.

"பயமா இருக்காங்க?" என்று அருளாயி அடிக்கடி கேட்பாள்.

"இல்ல. மரத்துல இருக்கும்போதுதான் பயமா இருக்கும். விழும்போது அது இல்ல," என்பான்.

செபஸ்தியும் மற்ற மரமேறிகளும் பத்து நாள் மரத்தில் கால் வைக்கவில்லை. பதினோராம் நாள், பழைய அரிவாளும் பழைய மாட்டுக் கயிறுமாக ஏறினார்கள். ஏறும் வழியில் இன்னாசியைக் கடக்கும்போது "வர்றேண்ணே" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்கள் இறங்கும்வரை அருளாயி கைவேலையை விட்டுவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அதே கயிறுதானாண்ணே?" என்று செபஸ்தியிடம் ஒருநாள் கேட்டாள்.

"இவன் என்ன கெட்டுப்போயிட்டான்? மெத்தையில படுத்த மாதிரி இறங்குறான்," என்று சிரித்தான் செபஸ்தி.

"அவருக்கு இப்படி வாய்ச்சது. உங்களுக்கு வாய்க்கும்னு யாரு சொன்னா?"

செபஸ்தி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான்.

ஆடி மாதத்தில் ஆண்கள் ஒரு யோசனை செய்தார்கள். மூங்கில் நட்டு, குறுக்குக் கழி கட்டி, வைக்கோல் பரப்பி, இன்னாசியின் முதுகு தொடுகிற உயரத்தில் ஒரு பரண் போட்டார்கள். அதன்மேல் வந்து தங்கிவிடுவான், தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று. முதல் நாள் முதுகில் வைக்கோல் பட்டதும் "சொகமா இருக்குடா" என்றான். இரண்டாம் நாள் குறுக்குக் கழிகள் வளைந்தன. மூன்றாம் நாள் தொடைப் பருமனான மூங்கில்கள் ஒவ்வொன்றாக, பொறுமையாக, நார் நாராகப் பிளந்தன. அவன் முதுகுத் தோல் உரிந்து ரத்தம் கசியவே, ரம்பத்தை எடுத்துவந்து அவர்களே பரணை அறுத்துத் தள்ளினார்கள். வழியில் எதுவும் அவனை நிறுத்தாது என்று ஊருக்குத் தெரிந்தது. சரி, தரைக்கே வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். தரையைத் தொட்டதும் எழுந்து வீட்டுக்கு நடந்து போவான் என்றுதான், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கிளை முதலில் வந்தது.

அவனோடு சேர்ந்து விழுந்த கிளை அவனுக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருந்தது, ஐப்பசி மாதத்துத் தொடக்கத்தில் ஒரு காலை அதன் நுனி தரையை நெருங்கியது. ஐந்து மாதமாக அதைப் பார்த்துப் பழகியதால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒருத்தி அதில் துண்டைக்கூடக் காயப்போட்டிருந்தாள். நுனி இலை மண்ணைத் தொட்டது. அந்த நொடியில் முப்பதடி உயரத்திலிருந்து விழுந்த கிளை எப்படி விழுமோ அப்படி அது விழுந்தது. மலை முழுவதும் கேட்கிற சத்தம். மூன்று காப்பிச் செடிகள் வேரோடு பறந்தன, கிளை நாலாகச் சிதறியது, காயப்போட்டிருந்த துண்டு எங்கோ போய்விட்டது. தூசி அடங்கியபோது கல்போன்ற செம்மண்ணில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

அதற்கு நேர்மேலே, பத்தடி உயரத்தில், இன்னாசி கிடந்தான். கழுத்தைத் திருப்பிப் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து காட்டுமாடு வந்தாலும் குரல் கொடுக்கவில்லை, பஸ் வந்தாலும் சொல்லவில்லை. தூக்குவாளி வந்தால் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் தங்களால் ஆனதைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து தலையணைகளும் பழம்புடவைப் பொதிகளும் வந்தன, முதலாளி பங்களாவிலிருந்து ஒரு ஸ்பிரிங் மெத்தை தலைச்சுமையாக வந்தது, சாமியார் ஒன்பது நாள் செபம் வைத்தார். அருளாயி செபத்தில் முழங்காலிட்டிருந்தபோது அந்தப் பள்ளத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். கையை விட்டு அளந்து பார்த்திருந்தாள்; முழங்கால் ஆழம். மூங்கிலைப் பிளந்த முதுகை மெத்தை என்ன செய்யும்? ஐம்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் செபத்துக்கு நிற்காமல், விடிந்ததும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று அங்கே இருப்பதாக டீச்சர் போனில் தேடிச் சொல்லியிருந்தாள். கடையில் இருந்தவள் நஸ்ரின், முப்பது வயதிருக்கும், கடைக்கு வருமுன் ஆறு வருஷம் பெரிய கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவள்.

"விழுறவரைப் பிடிக்கிற கயிறு வேணும்," என்றாள் அருளாயி.

"எவ்வளவு உயரத்துல இருந்துங்க அக்கா?"

"நாப்பதடி."

"ஆள் எடை?"

"முன்ன அறுபத்தஞ்சு கிலோ. இப்ப மெலிஞ்சுட்டாரு, அம்பத்தஞ்சு இருப்பாரு."

"எப்ப விழுவாருன்னு தெரியுங்களா?"

"மார்கழி நாலாந்தேதி, மத்தியானம்."

நஸ்ரின் தலையை ஆட்டிக்கொண்டு நாளை எழுதிக்கொண்டாள். "பரவாயில்லீங்க. இங்க வர்ற நிறையப் பேருக்குத் தேதி தெரியாது."

பிறகு அவள் சாமான்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். இடுப்பில் மட்டும் கட்டுகிற வாரை எடுத்து ஓரமாகத் தள்ளினாள்: இதைக் கட்டிக்கொண்டு விழுந்தால் கயிறு பிடிக்கும், முதுகெலும்பு போய்விடும். இரண்டு தொடையையும் நெஞ்சையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு பெல்ட்தான் வேண்டும் என்றாள். அதில் தைத்திருக்கும் சீட்டைக் காட்டி, எப்போது செய்தது, எவ்வளவு தாங்கும் என்று படித்துப் பார்த்து வாங்கவேண்டும், சீட்டு இல்லாததைச் சும்மா கொடுத்தாலும் தொடக்கூடாது என்றாள். கயிற்றில் இரண்டு விதம் வைத்தாள். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

"இது நீளாது. ஏறுறதுக்கு, இறங்குறதுக்கு இதுதான். ஆனா விழுறவரை இதுல பிடிச்சா தரையில விழுந்த மாதிரியேதான், ஒரே உதறல்ல உள்ள இருக்கிறதெல்லாம் அறுந்துபோகும். இது நீளும். விழுற வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கும். அவருக்கு இது." கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "கீழ எவ்வளவு இடம் இருக்குதுங்க?"

"கீழ தரைதான்."

"தரை இருக்கக்கூடாதுங்க அக்கா. கயிறு நீளுறதுக்கு எடம் வேணும். இருபதடியாவது வேணும்."

அருளாயி யோசித்தாள். முழங்கால் ஆழப் பள்ளம் கண்முன்னால் வந்தது. மண் இருந்த இடம்வரைக்கும்தான் அந்தக் கிளை மெதுவாக வந்தது, அதற்குக் கீழேதான் வேகமாக இறங்கியது. "தரையை எடுத்துரலாம்," என்றாள்.

"யாரு மேல ஏறிக் கயிறு கட்டப்போறாங்க?"

ஒற்றைக் கயிற்றில் ஏறுகிறவன் கட்டுகிற முடிச்சை அருளாயி நம்பத் தயாராக இல்லை. "நான்தான்," என்றாள்.

நஸ்ரின் அவளை மேலும் கீழும் பார்த்தாள், ஒரு சின்ன அளவு பெல்ட்டை எடுத்து அவளுக்கே மாட்டிவிட்டாள், கடை உத்திரத்திலிருந்து தொங்கிய கொக்கியில் அவளைக் கால் நிலத்தில் படாதபடி தொங்கவிட்டு, தான் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அப்படியே விட்டாள். "எங்க வலிக்குது?" என்று கேட்டு வாரைத் திருத்தினாள், அது பொருந்தவில்லையென்று வேறொன்றை மாட்டி மறுபடி தொங்கவிட்டாள். கடைக்கு வந்த இரண்டு பேர், புடவைமேல் வார் பூட்டிக்கொண்டு காற்றில் தொங்கும் அம்மாளைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கையுறை விலை கேட்டார்கள். தாடைக்குக் கீழே வார் உள்ள ஹெல்மெட், கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ், ஏறும்போது ஒன்றை அவிழ்த்தால் மற்றது மாட்டியிருக்கும்படி இரண்டு குட்டைக் கயிறுகள். அதில் ஒன்றின் உள்ளே இரும்புக் கம்பி ஓடியது, அரிவாள் பட்டாலும் அறாது. அந்தக் கயிற்றை அருளாயி கையில் வெகுநேரம் வைத்திருந்தாள்.

தோட்டத்து முதலாளி மறுப்பு சொல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொடுத்தார். லேபர் ஆபீசிலிருந்து யாராவது வருவதற்குள் இன்னாசி நல்லபடியாக இறங்கிவிட வேண்டுமென்று அவரும் விரும்பினார்.

அடுத்த நாற்பது நாளும் நீர்க்கோம்பை இரண்டாகப் பிரிந்து வேலை செய்தது. பாதிப்பேர் காப்பிப் பழம் பறித்தார்கள், பாதிப்பேர் இன்னாசிக்குக் கீழே மண் எடுத்தார்கள். எட்டடி அகலம், இருபதடி ஆழம்; கரை சரியாதபடி சுற்றிலும் மூங்கில் தட்டி; ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் குழிக்குள் இறங்கக்கூடாது என்று அருளாயி சொன்னாள், சுருளியாண்டி முதலில் முகம் சுளித்து, முதல் கல் உருண்டு விழுந்ததற்குப் பின்னால் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டான். மண்கூடை மேலே போகப் போக, இன்னாசி நாளுக்கு மூன்று விரலாகக் கீழே வந்துகொண்டிருந்தான். ஒருநாள் மட்டும் வாய் திறந்தான்.

"எனக்குக் குழி வெட்டுறாங்க," என்றான்.

"உங்களுக்கு இடம் பண்றாங்க," என்றாள் அருளாயி.

"அந்தப் பெல்ட்ட எனக்கு மாட்டாத. கட்டிப்போட்ட ஆடு மாதிரி சாக வேணாம் எனக்கு."

அவள் மரம் பார்க்கப் போனாள். அவன் விழுந்த சில்வர் ஓக்கை முதல் பார்வையிலேயே தள்ளினாள். நேராக உயரமாக நின்றாலும் மளுக்கென்று முறிகிற மரம் அது. குழிக்கு ஒருபக்கம் ஒரு நாவலும் மறுபக்கம் ஒரு பலாவும் இருந்தன. இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாள், அரிவாளின் பின்புறத்தால் தட்டித் தட்டி எங்கே உள்ளீடற்ற சத்தம் வருகிறது என்று கேட்டாள், அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா என்று சருகை விலக்கிப் பார்த்தாள், காய்ந்த கிளைகளைக் கழிக்கச் சொன்னாள். நஸ்ரின் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்து கூட நின்றாள். கயிற்றின் ஒரு தலை நாவலில், மறு தலை பலாவில், ஒன்று போனாலும் மற்றது தனியாகத் தாங்கவேண்டும் என்பது ஏற்பாடு.

தினமும் காலையில், பனி விலகி மரப்பட்டை காய்ந்த பிறகு, அருளாயி நாவலில் ஏறினாள். முதல் வாரம் ஆள் உயரம், அடுத்த வாரம் கூரை உயரம். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாரையும், ஒவ்வொரு கொக்கியையும், கயிற்றின் ஒவ்வொரு முழத்தையும் கையில் உருவிப் பார்ப்பாள், பார்க்கிறவர்களுக்கு அலுத்துப்போகும். மல்லாந்து கிடந்த இன்னாசிக்குக் கண்ணை மூடினாலொழிய அவளைப் பார்க்காமலிருக்க வழியில்லை. பதினெட்டு வருஷம் கீழே நின்று அவள் பார்த்ததை இப்போது அவன் பார்த்தான்.

கார்த்திகை பாதியில், மேல்கவையில் கயிறு மாட்டும் வளையம் கட்டவேண்டிய அன்று, முப்பதடி உயரத்தில், பாசி படர்ந்த ஒரு கிளையில் அவள் கால் வழுக்கியது. கம்பிக் கயிற்றை அப்போதுதான் மேலே மாற்றுவதற்காக அவிழ்த்திருந்தாள். இரண்டு கையும் மரத்தைவிட்டுப் போயின, அவள் விழுந்தாள்.

"அருளூ!" என்று இன்னாசி போட்ட சத்தத்தில் பழம் பறித்தவர்கள் கூடையோடு திரும்பினார்கள்.

ஒரு கை நீளம் விழுந்தாள். இரண்டாவது கயிறு இறுகியது, பெல்ட் தொடையைக் கவ்வியது, அவள் ஒருமுறை சுழன்று மரத்தில் தோளை இடித்துக்கொண்டு நின்றாள். இலைகள் உதிர்ந்து இன்னாசியின் முகத்தில் விழுந்தன. அவள் மூச்சு வாங்கினாள், கையைக் காலை அசைத்துப் பார்த்தாள், கம்பிக் கயிற்றை எடுத்து மேல்கிளையில் மாட்டினாள், அதை இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

முழங்கை சிராய்ப்பில் மண் ஒட்டியிருக்க, அவனருகில் வந்து நின்றாள். அவன் இப்போது அவள் நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருந்தான். வாய் கோணி, கண்ணீர் இரண்டு காதுப்பக்கமும் வழிந்துகொண்டிருந்தது.

"நீ விழுந்துட்ட," என்றான்.

"ஆமா."

"செத்துட்டன்னு நெனச்சேன்," என்றான். பிறகு கேட்டான்: "நான் ஏறும்போதெல்லாம் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"தெனமும்."

குழிக்குள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பெரிய அளவா வாங்கியிருக்க, இல்ல சின்ன அளவா?" என்றான்.

மார்கழி இரண்டாம் தேதி அவன் தரை மட்டத்துக்கு ஆறு விரல் உயரத்துக்கு வந்துவிட்டான். குழியின் குறுக்கே பலகை போட்டு, தானும் ஒரு கயிற்றில் கொக்கி மாட்டிக்கொண்டு, அருளாயி அவனுக்குப் பெல்ட் மாட்டினாள். முதுகுக்கும் காற்றுக்கும் நடுவே கையை விட்டு வாரை எடுத்தாள், தொடை வாரைச் சுற்றினாள், நெஞ்சு வாரைப் பூட்டினாள், ஒவ்வொரு வாருக்குள்ளும் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுவது போலிருந்தது. தலைக்கு ஹெல்மெட் வைத்து, தாடை வாரைப் பூட்டுமுன் தாடியைச் சவரம் செய்துவிட்டாள். பிறகு மரத்திலிருந்து வந்த நீளும் கயிற்றை அவன் நெஞ்சுக் கொக்கியில் கட்டினாள். கட்டிய முடிச்சை நஸ்ரின் பார்த்தாள், செபஸ்தி பார்த்தான், மறுபடி அருளாயியே பார்த்தாள்.

நாலாம் தேதி ஒருவரும் வேலைக்குப் போகவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. குழியைச் சுற்றிப் பத்தடி தூரத்தில் கயிறு கட்டி எல்லோரையும் அதற்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். வெயில் மரங்களுக்குள் இறங்கியது. சாமியார் செபமாலையை உருட்டினார். இன்னாசியின் முதுகு தரை மட்டத்துக்கு ஒரு விரல் மேலே இருந்தது, பிறகு அரை விரல், பிறகு அரிசி அகலம். அருளாயி அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றாள்; அவளுக்குச் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை, ஏழு மாதத்தில் அதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

"புள்ள," என்றான் இன்னாசி. "இப்ப பயமா இருக்கு."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் இல்லை.

கயிறு ஊளையிட்டது. நாவலும் பலாவும் ஒன்றையொன்று கும்பிடுவதுபோல் குனிந்து நிமிர்ந்தன, மலையில் உள்ள பறவையெல்லாம் எழுந்தது, நாவல் இலைகள் கொட்டு கொட்டென்று கொட்டின. ஏழு மாதமாக அவன் விழாத நாற்பதடியும் ஒரே மூச்சில் அந்தக் குழிக்குள் விழுந்தது. கயிறு நீண்டது, இன்னும் நீண்டது, இனி நீள முடியாதென்றபோது நின்று, அவனை மேலே தூக்கி, மறுபடி இறக்கி, ஆட்டியது. பிறகு சத்தமில்லை.

அருளாயி எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓடிக் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். குழியின் அடிமண்ணுக்கு ஒரு முழம் மேலே அவன் தொங்கி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் முகம் வந்தது, போனது. மூன்றாவது சுற்றில் இருமினான்.

"தூக்குங்க!" என்று கத்தினாள் நஸ்ரின். "தொங்கவிட்டு வேடிக்கை பாக்காதீங்க, ரத்தம் காலுக்குப் போயிரும், சீக்கிரம்!"

செபஸ்தி ஏணியை இறக்கினான். ஹெல்மெட் மாட்டி, பெல்ட் மாட்டி, கொக்கியை இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழிக்குள் இறங்கினான். எட்டுப் பேர் இழுத்தார்கள். இந்தத் தடவை இன்னாசி இழுத்த இழுப்புக்கு வந்தான், சாதாரண மனுஷனின் கனத்தோடு. தரையில் கிடத்தியபோது இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டான், விடச்சொல்லியும் விடவில்லை. தொடை இரண்டும் கன்றிக் கறுத்திருந்தன, இரண்டு விலா எலும்பில் கீறல் விட்டிருந்தது, வேறொன்றுமில்லை என்றார் வத்தலக்குண்டு டாக்டர். எங்கிருந்து விழுந்தாரென்று கேட்டு எழுதிக்கொண்டார், எவ்வளவு நேரம் விழுந்தாரென்று கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் கயிற்றைப் பற்றித்தான் பேச்சு. கோயில் பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம் என்று சாமியார் கேட்டார். வேன்களில் வருகிறவர்கள் பார்க்கட்டும், பங்களா வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றார் முதலாளி. சுருளியாண்டிக்கு வேறு யோசனை இருந்தது.

"ஆளையே தாங்குன கயிறு, தாயி. அடுத்த வருஷம் மரம் கழிக்க இதவிட நல்ல கயிறு எங்க போய்த் தேடுவேன்?"

அருளாயி நஸ்ரினுக்குப் போன் போட்டாள். நஸ்ரின் சொன்னதைக் கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, லயத்து வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்து, கயிற்றைக் கட்டைமேல் வைத்து அரிவாளால் முழம் முழமாக வெட்டத் தொடங்கினாள்.

"ஐயோ, என்ன பண்ற!" என்று ஓடிவந்தான் சுருளியாண்டி.

"தாங்கிருச்சு மேஸ்திரி. அதோட இதுக்கு வேலை முடிஞ்சது. உள்ள எங்க நைஞ்சுபோயிருக்குன்னு வெளிய தெரியாதாம். முழுசா விட்டுவச்சா என்னைக்காவது யாராவது எடுத்துக்கட்டி ஏறுவாங்க. அந்தப் பெல்ட்டும் இனிமே ஆகாது."

யாரும் ஏற முடியாத துண்டுகளாக அது ஊருக்குள் போயிற்று; ஒரு வீட்டில் கன்றுக்குட்டிக்கு, ஒரு வீட்டில் வாளிக்கு, ஒன்று சாமியாரின் ஜன்னல் கதவுக்கு. இன்னாசி வாசலில் கட்டிலில் சாய்ந்து ஒவ்வொரு வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி முழத்துக்கு அவள் அரிவாளை ஓங்கியபோது "அருளு" என்று கூப்பிட்டான்.

"என்னங்க?"

"அந்தப் பொண்ணுக்கு மறுபடி போன் பண்ணுவியா?"

"எதுக்கு?"

"என் பெல்ட்டையும் வெட்டப்போறியே. வேற ஒண்ணுக்கு அளவு சொல்லணும்ல. தை மாசம் மரமேறி மிளகு பறிக்கணும்."

அவள் அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அரிவாளைக் கீழே வைத்தாள். மீந்த கயிற்றோடு எழுந்து வந்து, கட்டிலோரம் குந்தி, கன்றிப்போன இடம் நோகாமல் அவன் தொடையைச் சுற்றிப் பிடித்து, இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தி அடையாளம் வைத்தாள்.

"ரொம்ப மெலிஞ்சிருக்கீங்க," என்றாள். "தைக்குள்ள கொஞ்சம் சதை போட்டுரும்," என்று சொல்லி, கட்டைவிரலை இரண்டு விரல் தள்ளிவைத்துக்கொண்டு போனை எடுக்க உள்ளே போனாள்.